தூசியா, வானமா

வெள்ளை லைனிங் துணியை இரண்டாக மடித்து, தொலைநோக்கியின் வாயில் போர்த்தி, சுருக்கம் விழாமல் சுற்றிலும் இழுத்து, மேலே ஒரு ரப்பர் பேண்டை மாட்டுகிறார் திரைக்காரம்மா. விடிந்தும் விடியாத வேளை. வாயில் பல் துலக்கும் பிரஷ். "நடக்காதீங்க அண்ணா, அப்படியே நில்லுங்க" என்று நுரைக்கு நடுவிலிருந்து அதட்டல் வருகிறது. தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க மொட்டைமாடிக்கு வந்த மேல்வீட்டுக் குடித்தனக்காரன் நான். தூக்கிய காலைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கொக்கு மாதிரி நிற்கிறேன்.

"வெறும் வெள்ளைத் துணியை எதுக்கும்மா படம் எடுக்கறீங்க?"

"துணியை யாரு எடுத்தா? தூசியை எடுக்கறேன்."

கேட்டிருக்கவே வேண்டாம். கேட்டுவிட்டால் முழுதாகச் சொல்லாமல் விடமாட்டார். ராத்திரி வானத்தைப் படம் எடுக்கும்போது கேமராவின் கண்ணாடியில் இருக்கும் தூசியும் நிழலாகச் சேர்ந்து விழுந்துவிடுமாம். காலையில் வெள்ளைத் துணி வழியாக ஒரு படம் எடுத்துக்கொண்டால் அதில் தூசி மட்டும் இருக்கும். அந்த நிழலைக் கணினி ராத்திரிப் படத்திலிருந்து எடுத்துவிடும். ஒரே நிபந்தனை, நடுவில் யாரும் அந்தத் தூசியைத் தொடக் கூடாது. "எல்லா வீட்டுலயும் தூசி தட்டலைன்னா திட்டு விழும். எங்க வீட்டுல தட்டினா விழும்" என்று சொல்லிவிட்டு வாயைக் கொப்பளிக்கப் போனார். நானும் காலைக் கீழே வைத்தேன்.

தரைத்தளத்தில் அவருடைய கடை இருக்கிறது. இரண்டு தையல் இயந்திரங்கள், சுவர் முழுக்கத் துணிச் சுருள்கள், கழுத்தில் பாம்பு மாதிரி எந்நேரமும் தொங்கும் அளவு நாடா. ஜன்னல் திரை தைப்பதுதான் தொழில். யார் வீட்டுக்குள் போனாலும் அவர் கண் மனிதர்களைப் பார்க்காது, ஜன்னலைத்தான் பார்க்கும். "மேல கசியுது" என்பார், இல்லையென்றால் "ஓரத்துல கசியுது" என்பார். அவர் அகராதியில் தண்ணீர் கசியாது, வெளிச்சம்தான் கசியும். ரகசியம் காக்காத ஆளைப் பற்றிப் பேசினாலும் அதே சொல்தான். "அந்தப் பல் டாக்டர் பொண்டாட்டிகிட்ட எதையும் சொல்லிடாதீங்க அண்ணா, பயங்கரமா கசிவாங்க."

வானம் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று ஒரு நாள் கேட்டேன். ஒரு கோளரங்கத்துக்குக் கறுப்புத் திரை தைக்கப் போயிருக்கிறார். எங்கேயாவது கசிகிறதா என்று சோதிக்க விளக்கையெல்லாம் அணைத்து, கூரையில் ஒரு படத்தைப் போட்டார்கள். சிவப்பாக ஒரு மேகம், இதழ் இதழாக விரிந்து, நடுவில் ஒரு குழி, குழிக்குள் ஒரு பிடி நட்சத்திரம். ஏணி மேல் நின்றிருந்தவர் இறங்க மறந்துவிட்டார். "இது வரைஞ்சதா, நெஜமா?" என்று கேட்டதற்கு, "நிஜம்தான். ஹைட்ரஜன் வாயு. உள்ளே பிறந்த புது நட்சத்திரங்களோட சூட்டுல சிவப்பா ஒளிருது. நெபுலான்னு சொல்வோம். இன்னமும் உள்ள நட்சத்திரம் பிறந்துகிட்டே இருக்கு" என்று பதில் வந்தது. எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வி. திருவாதிரை நட்சத்திரத்துக்குச் சற்றுக் கிழக்கே, உங்கள் வீட்டு மாடிக்கு நேர் மேலேயே வரும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது என்றார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு மேலேயே வருகிற விருந்தாளியைப் பார்க்காமல் விடுவதா என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். மூன்று சாண் நீளத்தில் ஒரு பழைய தொலைநோக்கியும், ஹைட்ரஜனின் சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஒரு வடிகட்டியும் வந்து சேர்ந்தன. மேகத்துக்குச் 'சிவப்பி' என்று பெயரும் வைத்தாயிற்று.

ஊர் நடுவில் உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் விளக்கு. வேறொருவராக இருந்தால் புலம்பியிருப்பார், அல்லது சண்டை பிடித்திருப்பார். இவர் தைத்தார். மாடியைப் பார்த்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் கணக்கில் வைத்து, அளவு நாடாவோடு கதவைத் தட்டினார். "உங்க ஜன்னலுக்குச் சும்மா ஒரு திரை தைச்சுத் தரேன்." சும்மா கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? பல் டாக்டர் மட்டும் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று ஒரு மாதம் யோசித்தார், பிறகு இரண்டு ஜன்னலுக்குச் சேர்த்துக் கேட்டார். இன்று எங்கள் தெருவில் எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்கள். காரணம் யாருக்கும் தெரியாது.

ஊரில் ஒரு வானியல் சங்கம் உண்டு. மாதம் ஒரு முறை மலைக்குப் போய் இருட்டில் படம் எடுப்பார்கள். அதன் செயலாளர் நல்ல மனிதர். "மலைக்கு வாங்கக்கா, இங்க நகரத்துல மல்லுக்கட்டாதீங்க" என்று வருந்தி வருந்திக் கூப்பிட்டார். திரைக்காரம்மாவால் போக முடியாது. கணவர் கட்டிலில் இருக்கிறார். பெரிய கிரேன் ஓட்டிய மனிதர். ஒரு பக்கவாதத்தில் வலது கையும் காலும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. ராத்திரி இரண்டு மூன்று தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும். அதனால் மாடிதான் மலை.

ஆனால் கிரேன்காரரின் வாய்க்கு வாதமும் கிடையாது, ஓய்வும் கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்தில் மடிக்கணினி. தொலைநோக்கி வானத்தோடு சரியாகத் திரும்புகிறதா என்று அதில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும். கோடு நேராகப் போனால் சுகம், துள்ளினால் படம் பாழ். கோட்டுக்குக் காவல் அவர். துள்ளிய மறு நொடி மாடியிலிருக்கும் மனைவிக்குப் போன் பறக்கும். "குதிக்குது, குதிக்குது! மேல எந்தக் கழுதை நடக்குது?" அந்தக் கழுதை பெரும்பாலும் நான்தான்.

ஒரு படத்தில் சிவப்பி தெரிய மாட்டாள். அழுக்குக் கண்ணாடியில் விரல் பட்ட மாதிரி ஒரு சாயை, அவ்வளவே. அதே இடத்தை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால்தான் உருவம் எழும்பும். எனக்கு இது மண்டையில் ஏறவில்லை. திரைக்காரம்மா விளக்கினார்: "ஒரு தடவை சொன்னா காதுல விழாது அண்ணா. நூறு தடவை சொன்னா விழும்ல? அதேதான்." உள்ளேயிருந்து கிரேன்காரர் குரல் கொடுத்தார்: "பயிற்சி பூரா எங்கிட்ட எடுத்தது!"

இப்படி ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்து, ஒரு வாரம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு சேர்த்த வெளிச்சம்தான் ஒரே காலையில் நாறிப்போனது.

அந்த வாரம் வானம் அற்புதமாக இருந்தது. தொலைநோக்கியை அசைக்காமல் மாடியிலேயே மூடி வைத்து, வாரக் கடைசியில் மொத்தமாக ஒரு வெள்ளைத் துணிப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தார். கடைசி நாள் விடியலில் தூறல். அரக்கப் பரக்க கேமராவைக் கழற்றி, கீழே கொண்டுவந்து, மூடி போடாமல் மேஜையில் வைத்துவிட்டு, தொலைநோக்கிக் குழாயைக் காப்பாற்ற மறுபடி மாடிக்கு ஓடினார். அண்ணனைப் பார்க்க வந்து தங்கியிருந்த நாத்தனார் மேஜைப் பக்கம் வந்தார். கண்ணாடியில் தூசி. மகராசிக்குச் சுத்தம் என்றால் உயிர். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து, ஊதி, பளபளவென்று துடைத்து வைத்துவிட்டார். "அண்ணி, எவ்ளோ அழுக்கு தெரியுமா!" என்று பெருமையாக வேறு சொன்னார். திரைக்காரம்மா பேயறைந்த மாதிரி நின்றார். ஒரு வாரத்துப் படத்தில் விழுந்த தூசிக்கு இனி சாட்சி இல்லை.

அடுக்கிப் பார்த்தபோது சிவப்பி வந்துவிட்டாள், இதழ் இதழாக, அமர்க்களமாக. ஆனால் மேலிதழில் ஒரு கறுப்புத் தீற்றல். அதுதான் சிக்கல். ஏனென்றால் சரியாக அந்த இடத்தில்தான் கறுப்பு மணிகள் இருக்க வேண்டும். கோத்த மணி மாதிரி சின்னச் சின்னக் கரிய முடிச்சுகள். வாயுவும் வானத்துத் தூசும் கெட்டிப்பட்ட உருண்டைகள். அப்படிப்பட்ட உருண்டைகளுக்குள் நட்சத்திரம் கருக்கட்டலாம் என்கிறார்கள். பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களில் அவை உண்டு. இவருடைய மூன்று சாண் குழாயில் அவை விழுந்தனவா, அல்லது இது வெறும் கண்ணாடி அழுக்கா? இரண்டும் கலந்து குழம்பிக் கிடந்தது. பிரிக்க வழியில்லை.

நூலக மண்டபத்தில் சங்கத்தின் கண்காட்சி வரப் போகிறது. படத்தைப் பார்த்த செயலாளர் தலையைச் சொறிந்தார். "அக்கா, நகரத்திலிருந்து இவ்வளவு வந்ததே பெரிசு. அந்தக் கறுப்பு தூசிதான். கம்ப்யூட்டர்ல பிரஷ் வச்சு அழிச்சுட்டுக் குடுங்க, மாட்டிடலாம்."

"அழிக்க மாட்டேன் தம்பி."

"அப்ப அது மணின்னு சொல்றீங்களா?"

"அதையும் சொல்ல மாட்டேன். எனக்கே தெரியாதே."

கிரேன்காரர் வேறு யோசனை சொன்னார்: "நெட்ல பாத்து நாலு மணியை அதே எடத்துல வரைஞ்சிடு. யாரு வந்து எண்ணப் போறா?" திரைக்காரம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். நாத்தனார் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் எதையும் துடைக்கவும் இல்லை.

வழி ஒன்றுதான். துடைத்த கண்ணாடியோடு இன்னொரு முழு மாலை படம் எடுக்க வேண்டும். தூசி போன பிறகும் மணிகள் இருந்தால் அது வானம், இல்லாவிட்டால் அழுக்கு. சொல்வது சுலபம். பருவம் முடிந்துகொண்டிருந்தது. இருட்டும்போதே சிவப்பி மேற்கே சாய ஆரம்பித்திருந்தாள். மேற்கேயோ, எதிரில் ஒரு கட்டடம் வாரத்துக்கு வாரம் எழும்பிக்கொண்டிருந்தது. அடுத்த தளத்துக்குத் தூண் நின்றால் சிவப்பி அதற்குப் பின்னால் போய்விடுவாள், கட்டடம் இருக்கும்வரை இந்த மாடிக்கு அந்தப் பக்கத்து வானமே கிடையாது. பத்து நாளாக மேகம் வேறு. கடைசியில் வானம் கழுவி விட்டது போல் தெளிந்த நாளன்று காலையில் செய்தி வந்தது: எதிரே இன்று சாயங்காலம் கான்கிரீட் போடுகிறார்கள். ராத்திரிவரை வேலை. சூரியனைக் கட்டி இழுத்து வந்த மாதிரி நான்கு பெரிய விளக்குகள்.

கழுதைக்கு வாக்கப்பட்டால் உதைபட்டுத்தானே ஆக வேண்டும்? துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரைக்காரம்மாவின் பின்னால் போனவன் நான். சாரத்தின் அடியில் நின்று மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு நிறுத்தவே முடியாதும்மா" என்றார் மேஸ்திரி, நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே. "லாரியெல்லாம் கிளம்பிடுச்சு."

"நிறுத்த யாரு சொன்னா தம்பி? வெளிச்சம் உங்களுக்கு வேணும், எனக்கு வேண்டாம். அதை உங்க பக்கமே வச்சுக்கங்க. இந்தப் பக்கம் நான் ஒரு திரை போட்டுக்கறேன்."

மேஸ்திரி அந்தக் கறுப்புத் துணியின் நீளத்தைப் பார்த்தார். பகல் முழுக்கக் கடையை மூடிவிட்டுத் தைத்தது. "காத்து பிடிச்சு இழுத்தா சாரமே சாயும்மா. எம் மேல பழி வரும்."

"காத்துக்கு வழி விட்டுருக்கேன், பாருங்க." துணி நெடுகப் பிறை பிறையாகக் கிழித்து, ஒவ்வொரு கிழிசலுக்கும் ஒரு மடிப்பைத் தொங்க விட்டிருந்தார். காற்று வந்தால் மடிப்பு தூக்கி வழி விடும், போனால் விழுந்து மூடிக்கொள்ளும். மேஸ்திரி கையை விட்டுப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். "எதுக்கும்மா இவ்வளவு பாடு?" என்றார். திரைக்காரம்மா மேற்கே கையைக் காட்டி நட்சத்திரம் பிறக்கும் கதையைத் தொடங்கினார். பாதி கேட்டதும் மேஸ்திரி மேலே பார்த்து சத்தம் போட்டார்: "டேய், ரெண்டு பேர் வாங்கடா, அக்காவுக்குத் திரை கட்டணும்!" எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

இருட்டியது. விளக்குகள் எரிந்தன, எங்கள் மாடி இருளாகவே இருந்தது. நானும் நாத்தனாரும் கிரேன்காரர் அறையில், நடக்கக் கூடாதவர்கள் என்பதால் அடைக்கப்பட்டிருந்தோம். முதல் படம் தொடங்கிய உடனே கோடு பைத்தியம் பிடித்த மாதிரி குதித்தது. திரை வெளிச்சத்தைத்தான் தடுக்கும், அதிர்வைத் தடுக்குமா? கீழே கான்கிரீட்டை மேலே ஏற்றும் பம்பு திடும் திடும் என்று அடித்துக்கொண்டிருந்தது. போனில் திரைக்காரம்மாவின் குரல் உடைந்தது. "என்னங்க, அவ்ளோதாங்க. போச்சு."

"ஏய், என்ன போச்சு? இரு" என்றார் கிரேன்காரர். "என் தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்புங்க." நாங்கள் இருவரும் அவரை நிமிர்த்தி, தலையணைகளை அண்டக் கொடுத்தோம். தெருவை ஒரு பார்வை பார்த்தார். வாழ்நாள் முழுக்க இந்த மாதிரி வேலையிடங்களில் கழித்த ஆள். "ஒரு லாரி காலியாகி அடுத்த லாரி பின்னால வந்து ஒட்டற வரைக்கும் பம்பு சும்மா கிடக்கும். அந்த இடைவெளி நம்மோடது. நான் சொல்றப்ப எடு, நிறுத்துன்னா நிறுத்து."

அடடா, அந்த மாலையை என்னவென்று சொல்வேன்! கட்டிலில் கிடந்த மனிதர் மறுபடி கிரேன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். "காலி… காலி… பம்பு நின்னுச்சு. எடுறீ!" கோடு நேராக ஓடும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். "அடுத்தவன் பின்னால வரான்… நிறுத்து!" இப்படியே லாரிக்கு லாரி. ஒரு லாரிக்காரர் டீ குடிக்க இறங்கிப் போனபோது எங்களுக்கு அடித்தது யோகம். "மெதுவா குடிடா ராசா, இன்னொண்ணு வாங்கிக் குடி" என்று ஜன்னல் வழியே கெஞ்சினார் கிரேன்காரர். சிவப்பி கட்டடத்தின் விளிம்பைத் தொடும்வரை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் திரைக்காரம்மா வெள்ளைத் துணியை மாட்டி, பின்னால் ஒரு வெளிச்சப் பலகையைப் பிடித்து, தூசிக்கும் படம் எடுத்துக்கொண்டு, கேமராவின் மூடியை அழுத்திப் போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

கணினி அடுக்க ஆரம்பித்தது. நாத்தனார் சுவரோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கணினித் திரையில் முதலில் கறுப்பு மட்டும்தான். திரைக்காரம்மா வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். கருஞ்சிவப்பாக ஒரு விளிம்பு, பிறகு ஒரு இதழ், பிறகு நடுக்குழி, குழிக்குள் பளிச்சென்று நட்சத்திரங்கள். மேலிதழைப் பெரிதாக்கினார். பழைய தீற்றல் இல்லை, துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். மணியும் அதோடு போய்விட்டதா? இன்னும் பெரிதாக்கினார்.

சிவப்பின் நடுவே கரிய முடிச்சுகள். ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, சாய்வாக மூன்றாவது, அதன்கீழ் வால் மாதிரி நீண்டு ஒன்று. ஊசியால் குத்தி வைத்த மாதிரி கூர்மை.

"தொடைச்சாச்சு" என்றார் கிரேன்காரர். பிறகு வீடே அதிரக் கத்தினார். "தொடைச்ச பிறகும் இருக்குடி! அது வானம்டி!"

"நான் தொடைச்சதாலதானே தெரிஞ்சுது!" என்று நாத்தனார் அழுதுகொண்டே சண்டைக்கு வந்தார். அதுவும் உண்மைதான், யார் மறுக்க முடியும்?

படம் செயலாளருக்குப் போனது. தூங்கியிருப்பார் என்று நினைத்தோம். போன் உடனே அடித்தது. "அக்கா, ஒரு புள்ளியைக்கூடத் தொடாதீங்க. அப்படியே அனுப்புங்க. மண்டபத்து நடுச் சுவர் உங்களுக்குத்தான். நகரத்துக்குள்ள இருந்து, இந்த மணியை… எனக்குப் பேச்சே வரலைக்கா." "சரி தம்பி, சரி தம்பி" என்று மட்டும் திரைக்காரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் நனைந்திருந்தது.

எனக்குத் தாளவில்லை. கைதட்டினேன். நாத்தனாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினார். கட்டிலில் கிரேன்காரர் எங்களைப் பார்த்தார், போர்வையின் மேல் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார். இடது கையை மட்டும் உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, மனைவியின் பக்கம் நீட்டினார். திரைக்காரம்மா போனைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். தன் வலது கையை ஓங்கி அந்த உள்ளங்கையில் அடித்தார். பளீரென்று கேட்டது. மறுபடி அடித்தார், மறுபடியும். நாங்கள் கைகளை இறக்கிய பிறகும், அவர்கள் இருவரும் சேர்ந்து அந்த ஒரு கைதட்டலைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.